மாதா படத்துப் பக்கம் தொங்கிய பூட்டு

கல்யாணம் முடிந்து மாலையும் கழுத்துமாக மச்சான் வீட்டுக்குள் நுழைந்த ராயப்பனின் தலையில் முதலில் இடித்தது ஒரு பூட்டு. நெற்றியைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். மாதா படம் மாட்டிய சுவரிலிருந்து அடுப்பு மூலை வரைக்கும் ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. அந்தக் கம்பி நெடுகக் கருவாடு காயப்போட்ட மாதிரி பூட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா மச்சான் இது? பூட்டுக் கடை வெச்சிருக்கியா?"

"என்னுது இல்ல மாப்ள, ஒம் பொண்டாட்டியோடது," என்றான் இருதயசாமி. "பொண்ணையும் கட்டிக் குடுத்தாச்சு, இதையும் ஒப்படைச்சாச்சு. இனிமே நீயாச்சு அவளாச்சு." ஒரு மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி வைத்தவன் மாதிரி அவன் மூச்சு விட்டான். பக்கத்தில் நின்ற லூர்துமேரி, தான் கல்யாணப் பெண் என்பதையும் பார்க்காமல், மாப்பிள்ளை இடித்த பூட்டு ஆடுவதைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

பூட்டின் மேல் அவளுக்கு அப்படி என்ன ஆசை என்று கேட்டால், அவள் பிறந்த வீட்டுக்குக் கதவு கிடையாது. அதைச் சொன்னால் போதும். கம்மாபுரத்துக்குக் கிழக்கே, அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் பிழைத்த சனங்களின் தெரு அது. வாசலுக்குப் பனையோலைத் தட்டி. எல்லாரும் நடவுக்குப் போகிற நாளில் தட்டியின் மேல் ஒரு கருவேல முள்ளை இழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த முள் நாயைத் தடுக்கும், கோழியைத் தடுக்காது. மனுஷனைத் தடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. உள்ளே எடுத்துக்கொண்டு போக என்ன இருந்தது?

பிறகு நிலக்கரி எடுக்கப் போகிறோம் என்று வயலையெல்லாம் வளைத்தார்கள். தெருவும் போனது. நல்ல வேளையாக இருதயசாமிக்கு மைன்ஸில் வேலை கிடைத்து பெர்மனென்டும் ஆனது. நெய்வேலியில் ஆரம்பத்தில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் அவன் பேருக்கு ஒன்று வந்தது. ஒரே அறை, மேலே சிமென்ட்டு ஷீட்டு, கம்பி போட்ட ஒரு ஜன்னல், ஒரே ஒரு கதவு. அண்ணனுக்குச் சமைத்துப் போட வந்த லூர்துமேரி அந்தக் கதவை முதல் நாள் சாத்திச் சாத்தித் திறந்தாள். சாத்தினால் சத்தம் கேட்டது. திறந்தாலும் கேட்டது. சந்தையிலிருந்து அண்ணன் ஒரு தகரப் பூட்டு வாங்கி வந்தான். அன்று பொழுது சாய்வதற்குள் அவள் அதைக் கொண்டை ஊசியால் திறந்துவிட்டாள்.

"அண்ணே, இது பொய்ப் பூட்டு. வேற வாங்கியா."

அங்கே தொடங்கியது. டவுன்ஷிப்பில் எந்த ஜில்லாக்காரர்தான் இல்லை? மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பூட்டு இருந்தது. சாவி தொலைந்த பூட்டு, துருப்பிடித்த பூட்டு, வேண்டாம் என்று தூக்கிப் போட்ட பூட்டு எல்லாம் லூர்துமேரியிடம் வந்து சேர்ந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைப்பாள், தேங்காய் எண்ணெய் விடுவாள், காதோரம் வைத்துத் திருகிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவள்தான். ஆனால் ஒரு பூட்டு உள்ளே என்ன நினைக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

கல்யாணமான ஒரு வாரத்தில் ராயப்பன் சும்மா பேச்சுக்குக் கேட்டான். "இதுல எது புள்ள ஒசத்தி?"

கேட்டிருக்கக் கூடாது. அன்றைக்குச் சோறு ஆறிப்போனது.

"மாதா படத்துப் பக்கம் மொதல்ல தொங்குது பாருங்க, அதுதான் ஒசத்தி. அங்கேர்ந்து அடுப்பு வரைக்கும் வரிசதான்," என்றாள்.

மாதா பக்கத்தில் முதலில் தொங்கியது திண்டுக்கல் பூட்டு. கறுத்த இரும்பு, தூக்கினால் கை இறங்கும். அவன் தலையில் இடித்ததும் அதுதான். பூட்டினால்தான் சாவி வெளியே வரும். திறந்து கிடக்கும்போது சாவியை விடவே விடாது. "அரைகொறையா வுட்டுட்டுப் போறவள அது வுடாது. பூட்டிட்டுப் போடின்னு கையப் புடிச்சிக்கும்." இதற்கு ஒரே சாவிதான். வாங்கும்போதே இன்னொன்று தொலைந்திருந்தது. அதுவும் அவள் கணக்கில் ஒரு பெருமை. ரெண்டு சாவி இருந்தால் அது பாதிப் பூட்டு என்பாள்.

அடுத்தது மாங்காய்ப் பூட்டு. மாங்காய் மாதிரியே வடிவம், பித்தளை, சாவித் துளைக்கு ஒரு மூடி. அழகில் அதுதான் முதல் என்று ராயப்பன் சொல்லிப் பார்த்தான்.

"அழகு இருக்குது. ஆனா கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு சாவிய வுட்டு ஆட்டினா மனசு மாறிடுது. கட்டினவனுக்குத்தான் தொறக்கணும்."

"அப்ப பூட்டுக்கும் கற்பு உண்டா?"

"சிரிங்க, சிரிங்க."

திருகு பூட்டுக்கு நடு இடம். சாவியை உள்ளே விட்டுத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல பூட்டுதான், ஆனால் மழையில் வந்து நிற்கிறவன் நனைந்து போவான். நம்பர் பூட்டை அவள் மதிக்கவில்லை. எண் தெரியாதவளாக இருந்தும் விரலால் மெல்லச் சுற்றி, 'டக்'கென்று இறங்கும் இடத்தைக் கேட்டே திறந்துவிடுவாள். காது இருக்கிறவன் எல்லாம் திறக்கலாம் என்றால் அது என்ன பூட்டு? சைக்கிள் பூட்டு கம்பியிலேயே இல்லை. அது சைக்கிளின் ஓர் உறுப்பு என்று ஒதுக்கிவிட்டாள். அடுப்புக்குக் கொஞ்சம் முன்னால் அமுக்குப் பூட்டு. சாவி இல்லாமலே அமுக்கினால் மூடிக்கொள்ளும். "கேக்காம கொள்ளாம வாய மூடிக்கும். சாவி உள்ளாற கெடக்கும், நாம வெளிய நிப்போம்." அடுப்பை ஒட்டி, புகையில் கறுத்துக்கொண்டு, அந்த முதல் தகரப் பூட்டு.

இடம் அப்படியே இருக்காது. புதுப் பூட்டு வந்தால் வாளித் தண்ணீரில் ஊறப்போடுவாள், கல்லின் மேல் போடுவாள், வீட்டில் இருக்கிற சாவியையெல்லாம் அதில் விட்டுப் பார்ப்பாள். தோற்றது அடுப்புப் பக்கம் நகரும். வீட்டில் அதுவே ஒரு பேச்சாகிவிட்டது. ரசத்தில் உப்புக் கூடினால் இருதயசாமி, "இன்னிக்கி ரசத்த அடுப்புப் பக்கம் தள்ளு" என்பான். சண்டை போட்டால் ராயப்பன், "என்னைக் கொண்டுபோயி தகரத்துக்கு அந்தாண்ட மாட்டிடாத புள்ள" என்பான். வரிசையில் எல்லாரும் அவளைப் பூட்டு மேரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டாள்.

ராயப்பன் அப்போது கான்ட்ராக்டில்தான் இருந்தான். சுரங்கப் பள்ளத்துக்கு அடியிலிருந்து பொங்கி வருகிற தண்ணீரை இராப்பகலாக இறைக்கிற பம்ப்புகள் பக்கம் வேலை. கான்ட்ராக்ட் ஆளுக்கு வீடு கிடையாது. அதனால் மச்சான் பேரில் இருந்த வீட்டில், நடுவே ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டிக்கொண்டு, எல்லாரும் சேர்ந்திருந்தார்கள். மேலே சொல்லி அனுமதி வாங்கவில்லை. யாராவது வந்து எட்டிப் பார்த்தால் வம்பு. இருதயசாமி அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் ஜீப்புச் சத்தம் கேட்டால் அவன் கை சோற்றில் நின்றுவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் ராயப்பன் தனக்குள் சொல்லிக்கொள்வான். பெர்மனென்ட் ஆனால் போதும். தனக்கென்று ஒரு வீடு, மச்சானுக்கும் ஒரு விடுதலை.

நைட் ஷிப்டு முடிந்து வருகிறவனுக்குப் பகலில்தான் தூக்கம். வரிசை வீட்டில் பகலில் தூங்குவது லேசுப்பட்ட காரியமா? கீரைக்காரி தட்டுவாள், சீட்டுக்காரர் தட்டுவார், கடன் கேட்டு ஒருத்தி, கதை பேச ஒருத்தி. அதனால் அந்த வரிசையில் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புருஷனை உள்ளே தூங்க விட்டுவிட்டு, வெளியே பூட்டுப் போட்டுவிடுவார்கள். பூட்டைப் பார்த்தால் ஆள் இல்லை என்று வந்தவர்கள் போய்விடுவார்கள். பெண்கள் குழாயடியிலோ பக்கத்து வாசலிலோ இருப்பார்கள். உள்ளே இருமல் கேட்டால் வந்து திறப்பார்கள்.

மற்றவர்கள் ஏதோ ஒரு பூட்டைப் போட்டார்கள். லூர்துமேரி திண்டுக்கல் பூட்டைப் போட்டாள். அது தொங்குவதற்குத் தகுந்த தாழ்ப்பாள் வேண்டும் என்று அண்ணனை நச்சரித்து, கதவைத் துளைத்து போல்ட்டு முறுக்கிய தாழ்ப்பாளாக மாற்றியிருந்தாள். சனிக்கிழமை தவறாமல் பூட்டுகளுக்கு எண்ணெய் விடும்போது, மீந்த எண்ணெயைக் கதவின் கீலுக்கும் விடுவாள். ஒரு நாள் அப்படி விட்டுக்கொண்டிருந்தவள் தானாகவே சிரித்தாள்.

"கதவு மாட்டினவன் புத்திசாலிங்க. கீலு எல்லாம் உள்பக்கம். வெளிய இருக்கிற திருடன் என்ன பண்ணாலும் முடியாது. இந்தக் கதவக் கழட்டணும்னா திருடன் உள்ளாற இருக்கணும்."

"திருடன் உள்ளாற வந்த பொறவு அவன் எதுக்குக் கதவக் கழட்டப் போறான்?" என்று ராயப்பன் கேட்டு, ரொம்ப நேரம் சிரித்தான்.

பம்ப்புப் பக்கம் கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பெர்மனென்டாக எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்து, பேரும் வந்தது. ராயப்பன் பேர் அதில் இருந்தது. இனி ஆஸ்பத்திரியில் மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. அது வியாழக்கிழமை என்றார்கள். வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கக்கூட இல்லை, கண் பட்டுவிடும் என்று.

புதன்கிழமை காலையில் நைட் முடிந்து வந்தவனுக்குப் பழைய சோறும் வெங்காயமும் வைத்துவிட்டு லூர்துமேரி மெல்ல ஆரம்பித்தாள். குறிஞ்சிப்பாடியில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் மணிப் பூட்டு இருக்கிறதாம். சாவியைத் திருப்பும்போது உள்ளே மணி அடிக்குமாம். வீட்டைக் காலி பண்ணுகிறார்களாம். இன்றைக்கு விட்டால் பழைய இரும்புக்காரன் கொண்டுபோய்விடுவானாம்.

"காலம்பற பஸ்ஸுல போயி, நீங்க எழுந்திருக்கங்காட்டி வந்துடுறேங்க. ஒங்களுக்கு நாளைக்குத்தான மெடிக்கல்?"

"நீ எங்கனா போ தாயி. என்னத் தூங்க வுடு."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் நகர்ந்தது. திண்டுக்கல் பூட்டு தன் கனத்த குரலில் 'களக்' என்றது. அந்தச் சத்தம் கேட்டால்தான் ராயப்பனுக்குத் தூக்கமே வரும். இனி யாரும் வர மாட்டார்கள் என்ற நிம்மதியோடு குப்புறப் படுத்தான்.

ஜன்னல் பலகையை யாரோ இடித்தபோது விழித்தான். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

"அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி! எந்திரிங்க! மேஸ்திரி வந்துட்டுத் திரும்பிப் போறாரு!"

பக்கத்து வீட்டுச் சுப்புலட்சுமி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஜன்னலைத் திறந்தால், அவளுக்குப் பின்னால் கான்ட்ராக்ட் மேஸ்திரி பரமசிவம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"பூட்டிக் கெடக்கு, ஆளு இல்லைன்னு போகப் பாத்தாரு. உள்ளதான் படுத்துக் கெடக்காவன்னு நான்தான் பிடிச்சு நிறுத்துனேன்," என்றாள் சுப்புலட்சுமி.

"யோவ் ராயப்பா, மெடிக்கல் இன்னிக்கேயாம்யா!" என்றார் பரமசிவம். "டாக்டரு நாளைக்கி வெளியூர் போறாராம். மூணு மணிக்குள்ள ஆஸ்பத்திரில நிக்கணும். வராதவன் பேர எடுத்துட்டு அடுத்த ஆளப் போட்டுக்குவாங்க. கெளம்பு, கெளம்பு, என் சைக்கிள்லயே ஏத்திக்கினு போறேன்."

ராயப்பன் சட்டையை மாட்டினான். கதவுக்கு ஓடினான். இழுத்தான். அப்போதுதான் தூக்கம் முழுதும் தெளிந்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவி குறிஞ்சிப்பாடியில், லூர்துமேரியின் முந்தானை முடிச்சில் இருந்தது.

"எப்ப வரேன்னு சொன்னா?" என்றார் பரமசிவம்.

"நான் எழுந்திருக்கங்காட்டி..." என்றான் ராயப்பன்.

எதிர் வீட்டுத் தெய்வசிகாமணிக்கு அன்று வார லீவு. மைன்ஸில் கனமான இரும்பைத் தூக்கி ஏற்றுகிற வேலைக்காரர், தோள் ரெண்டும் மதில் மாதிரி இருக்கும். பனியனோடு வந்தார். "ஒரு பூட்டுக்கா இவ்ளோ பேரு? தள்ளுங்க," என்று ஒரு கருங்கல்லை எடுத்துப் போட்டார். கல் ரெண்டாகப் பிளந்தது. பூட்டு ஆடியது, அவ்வளவுதான். கடப்பாரையைக் கொண்டுவந்து தாழ்ப்பாளுக்குள் கொடுத்து நெம்பினார். போல்ட்டு முறுக்கிய தாழ்ப்பாள் அசையவில்லை. கதவுப் பலகைதான் கிறீச்சென்றது.

"வேணாண்ணே! கதவு ஒடஞ்சா ஆபீஸ்லேர்ந்து பாக்க வருவாங்க. அப்பறம் மச்சான் வூட்டுல நாங்க இருக்கிறது தெரிஞ்சிடும்," என்று உள்ளேயிருந்து ராயப்பன் கத்தினான்.

"மேல ஷீட்ட எடுத்துட்டு வாய்யா!" என்றார் தெய்வசிகாமணி.

"அது ஒடஞ்சாலும் அதேதாண்ணே!"

அப்போது அவன் கண்ணில் அந்தப் பிஸ்கோத்து டப்பா பட்டது. கம்பியில் தொங்கும் எல்லாப் பூட்டுகளுடைய சாவியும் அதில்தான் கிடந்தது. மாங்காய்ப் பூட்டின் சாவியை முதலில் எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினான்.

"இத வுட்டுப் பாருங்கண்ணே. அதே கனம்தான்."

தெய்வசிகாமணி விட்டுப் பார்த்தார். உள்ளே போனது, திரும்பவில்லை. அடுத்த சாவி நுழையவே இல்லை. மூன்றாவது லொடலொடவென்று ஆடியது. திருகு சாவி, டிரங்குப் பெட்டிச் சாவி, அலமாரிச் சாவி, எதன் சாவி என்றே தெரியாத சாவி என்று ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே போய், ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ராயப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. இத்தனை நாளும் அவள் வரிசையைக் கேலி பண்ணியது நினைவுக்கு வந்தது. கட்டினவனுக்குத்தான் திறக்கும் என்று அவள் சொன்னது பொய்யில்லை. கட்டினவன் உள்ளே நிற்கிறான் என்பதுதான் சங்கடம்.

"ஒங்க பேரு ராயப்பருல்லா?" என்றாள் சுப்புலட்சுமி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "எங்க ஊர் மாதா கோயில்ல அவரு செலைய நான் பாத்திருக்கேன். மோட்சத்துச் சாவியே அவரு கையிலதான் இருக்கும். ஒங்க கையில ஒரு வீட்டுச் சாவி இல்லாமப் போச்சே அண்ணாச்சி!"

வெளியே சிரிப்பு எழுந்தது. பரமசிவம் மட்டும் சிரிக்கவில்லை. "யோவ், இன்னும் கொஞ்ச நேரம் பாப்பேன். அப்பறம் நான் போயிடுவேன். மத்தவனுங்களும் இருக்கானுங்க."

ராயப்பன் கதவில் முதுகைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்தான். இந்தப் பேர் வருவதற்கு எத்தனை நாள் காத்திருந்தது! எதிர்ச் சுவரில் மாதா. மாதாவுக்குப் பக்கத்தில், திண்டுக்கல் பூட்டு தொங்கும் இடம் காலியாக இருந்தது. லூர்துமேரி இருந்தால் என்ன செய்வாள் என்று யோசித்தான். பூட்டைத் திட்ட மாட்டாள். கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். எங்கே இடம் கொடுக்கிறது என்று தேடுவாள்.

தலையைத் திருப்பினான். கண்ணுக்கு நேரே கீல் இருந்தது.

கதவைக் கழற்ற வேண்டுமென்றால் திருடன் உள்ளே இருக்க வேண்டும்.

"அடிப் பாவி மகளே!" என்று துள்ளி எழுந்தான் ராயப்பன். வெளியே நின்றவர்கள் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

கீலின் நடுவே ஒரு இரும்புக் குச்சி செருகியிருக்கும். அது மேலே எழும்பி வந்துவிட்டால் கதவு தனி, நிலை தனி. குச்சியை அடியிலிருந்து தட்ட ஓர் ஆணி வேண்டும். வீட்டில் இருந்த ஒரே பெரிய ஆணி, மாதா படத்துக்குக் கீழே பூட்டுக் கம்பியைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒரு கணம் யோசித்தான். பிறகு பிடுங்கினான். கம்பி தளர்ந்தது, மாங்காயிலிருந்து தகரம் வரைக்கும், அவள் வருஷக்கணக்காக இடம் பார்த்து மாட்டிய வரிசை, சடசடவென்று தரையில் கொட்டிக் குவியலாகிவிட்டது.

"என்னா அங்க சத்தம்? கூரை வுழுந்துடுச்சா?"

"இல்லண்ணே. எம் பொண்டாட்டி என்னைக் கொல்லப் போறா, அந்தச் சத்தம்."

அம்மிக் குழவியைத் தூக்கினான். கீழ்க் கீலுக்கு அடியில் ஆணியை நிறுத்தி ஒரு தட்டுத் தட்டினான். குச்சி வராது, துருவில் கடித்துக்கொண்டிருக்கும் என்றுதான் பயந்தான். ஆனால் சனிக்கிழமைதோறும் குடித்த எண்ணெய் அதற்குள் இருந்ததே! மோரில் வெண்ணெய் எழும்புகிற மாதிரி குச்சி வழுவழுவென்று மேலே வந்தது. நடுக் கீலும் வந்தது. மேல் கீலுக்கு அரிசிப் பானையைக் கவிழ்த்து ஏறி நின்று தட்டினான். கதவு பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு பக்கம் விலகியது. இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்தச் சந்தில் வயிற்றை உள்ளே இழுத்து, ராயப்பன் வெளியே வந்து விழுந்தான். வரிசை முழுதும் ஓவென்று கத்தியது. கதவின் மறுபக்கம் தாழ்ப்பாளில், ஒன்றுமே நடக்காத மாதிரி, திண்டுக்கல் பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

"நீங்க போங்க அண்ணாச்சி! கதவ நாங்க பாத்துக்கிடுதோம்!"

பரமசிவம் மிதித்த மிதியில் சைக்கிள் செயின் கழன்று விழாமல் இருந்தது மாதாவின் புண்ணியம். ஆஸ்பத்திரி வாசலில் கான்ட்ராக்ட் ஆட்கள் இன்னும் வரிசையில்தான் நின்றார்கள். ராயப்பன் கடைசி ஆளாகப் போய் ஒட்டிக்கொண்டான். அவன் முறை வந்தபோதும் நெஞ்சு அடங்கவில்லை. டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுப் புருவத்தைத் தூக்கினார்.

"என்னப்பா இது, இந்தத் துடி துடிக்குது? எப்பவும் இப்படித்தானா?"

ராயப்பனுக்கு உயிர் போய் வந்தது. கதவைத் தாண்டி வந்தவன் நெஞ்சிலே தடுக்கி விழுவதா? "இல்லீங்க ஐயா. வூட்டுல பூட்டிகினு போயிட்டாங்க. கதவக் கழட்டிகினு ஓடியாறேங்க," என்றான். வேறு பொய் எதுவும் அவசரத்துக்கு வரவில்லை.

டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "போய் அந்த பெஞ்சில உக்காந்து தண்ணி குடி. அப்பறம் வா."

உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தான். மறுபடி குழாயை வைத்தபோது நெஞ்சு நல்ல பிள்ளையாகத் தட்டியது. ஃபிட் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது நடந்தே வந்தான். கால் தரையில் பாவிய மாதிரியே தெரியவில்லை. வரிசைக்குள் திரும்பினால், வீட்டுக்கு முன்னால் ஒரு கூட்டம். தெய்வசிகாமணி கதவை நிலையோடு சேர்த்து நிறுத்திப் பிடித்திருந்தார். வாசல் படியில் லூர்துமேரி. தலை கலைந்து, புடவையெல்லாம் புழுதியாக உட்கார்ந்திருந்தாள். சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்த பிடியில் உள்ளங்கை சிவந்திருந்தது. குறிஞ்சிப்பாடியில் பஸ்ஸுக்கு நின்ற யாரோ மெடிக்கல் இன்றைக்கே என்று பேசிக்கொண்டது காதில் விழ, மணிப் பூட்டை நெசவுக்காரர் வீட்டிலேயே போட்டுவிட்டு, கிடைத்த லாரியில் ஏறி வந்து சேர்ந்திருந்தாள். வந்தபோது வீடு வாய் பிளந்து கிடந்தது, ஆள் இல்லை.

அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஃபிட்டு," என்றான் ராயப்பன். "ஃபிட்டுன்னுட்டாங்க புள்ள."

அவ்வளவுதான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "நான் பூட்டிகினு போனதால ஒங்க பொழப்பு போயிடுச்சின்னு, லாரில வந்துகினே மாதாகிட்ட என்னைத் தூக்கிக்கோன்னு சொன்னேங்க." சுப்புலட்சுமியும் கூட அழுதாள், அவள் எதற்கு அழுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்து, லூர்துமேரி நிமிர்ந்தாள். குரல் மட்டும் இன்னும் கரகரத்தது.

"ஏங்க, பூட்டு தொறக்கல இல்ல?"

"யம்மா தாயே!" என்று தெய்வசிகாமணி கதவோடு சேர்ந்து தலையிலடித்துக்கொள்ளப் பார்த்தார்.

"கேக்கிறேன், சொல்லுங்களேன். கல்லப் போட்டீங்க, கடப்பாரைய வுட்டீங்க, அத்தினி சாவியும் போட்டீங்க. தொறந்துச்சா?"

"தொறக்கல," என்றான் ராயப்பன். "சத்தியமா தொறக்கல."

லூர்துமேரி சாவியை விட்டுத் திருப்பினாள். 'களக்' என்று அது உடனே திறந்தது. கல் பட்ட தழும்பை முந்தானையால் துடைத்தாள். ஷிப்டு முடிந்து வந்த இருதயசாமி, நிலையில் ஒட்டாமல் நிற்கும் கதவையும், தரையில் குவிந்து கிடக்கும் பூட்டுகளையும், சிரித்துக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டதும் மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பிறகு கீலில் குச்சிகளை அவனே தட்டி இறக்கினான். ஆபீஸிலிருந்து யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் கதவில் ஒரு கீறலைக்கூடக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆணியை மறுபடி அடித்து, வரிசையை மறுபடி கோத்தாள். மாதா படத்துப் பக்கம் அதே திண்டுக்கல் பூட்டுதான். "புருசனையே பூட்டி வச்ச பூட்டுல்லா அது, அதுக்கா மொத இடம்?" என்று சுப்புலட்சுமி கேட்டதற்கு, "அது அது வேலையத்தான் செஞ்சது. நான்தான் என் வேலையச் செய்யல" என்றாள். பகலில் போடத் தகரப் பூட்டே போதுமே, அவசரத்துக்கு ஊசியால் திறக்கலாமே என்று தெய்வசிகாமணி யோசனை சொன்னார். அவரை அவள் பார்த்த பார்வையில் அவர் பேச்சை மாற்றிவிட்டார். இன்னொரு சாவி செய்து வைத்துக்கொள்ளலாமே என்று அண்ணன் சொன்னான். அதற்கும் மாட்டேன் என்றாள்.

ஆனால் பெர்மனென்ட் ஆர்டர் வந்து, ரெண்டு கதவு உள்ள வேறு வீடு கிடைத்துப் போகிற வரைக்கும், அந்த வரிசையில் நைட் முடிந்து ராயப்பன் தூங்கின நாளிலெல்லாம் இப்படித்தான் நடந்தது. லூர்துமேரி வெளியே வந்து கதவைச் சாத்துவாள். திண்டுக்கல் பூட்டைப் போட்டு இழுத்துப் பார்ப்பாள். பிறகு ஜன்னல் பக்கம் போய், கம்பிக்கு நடுவே கையை விட்டு, அந்த ஒரே சாவியை அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போவாள். வேண்டும்போது அவன் ஜன்னல் வழியாக யாரிடமாவது சாவியை நீட்டினால் போதும். பூட்டு வெளியே, சாவி உள்ளே. இத்தனை சுலபமான வழி யாருக்கும் முன்னாடியே தோன்றவில்லையே என்று வரிசையில் மற்றப் பெண்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள்.

"இப்பத்தான் பேருக்கேத்த ராயப்பரு," என்பாள் சுப்புலட்சுமி, ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து.

உள்ளே அவன் சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.